தங்கமீனில் ஒட்டுண்ணி: நம்மூர்த் தண்ணீர்ச் சூட்டுக்குத் தகுந்த வைத்தியம்

தொட்டிக்குள் ஒரு தங்கமீன் விர்ரென்று வந்து கல்லில் உடம்பைத் தேய்த்துவிட்டுப் போகிறது. சென்னை கொளத்தூர்ப் பக்கம் மீன்கடையில் போய், "அண்ணே, மீன் கல்லுல ஒரசுது" என்றால் நீலப் புட்டியோ மஞ்சள் புட்டியோ ஒன்று கைக்கு வந்துவிடும். புட்டியில் குற்றமில்லை. எந்த ஒட்டுண்ணி, தொட்டியில் உண்மையில் எத்தனை லிட்டர், தண்ணீர் எத்தனை டிகிரி என்ற மூன்றும் தெரியாமல் ஊற்றுவதால்தான் மீன் சாகிறது. இதில் மூன்றாவதை யாரும் கேட்பதே இல்லை. ஒட்டுண்ணியின் வளர்ச்சி தண்ணீரின் சூட்டைப் பொறுத்தே நடக்கிறது. 15 டிகிரியில் வாரக்கணக்கில் நடப்பது 28 டிகிரியில் சில நாளில் முடிந்துவிடும். "வாரம் ஒருமுறை" என்று லேபிளில் இருப்பதை அப்படியே பின்பற்றினால், இரண்டு வேளை மருந்துக்கு நடுவே ஒரு புதுத் தலைமுறை பிறந்து மீன்மேல் ஏறியிருக்கும்.

மருந்துக்கு முன்னால் தண்ணீர்

உரசுவது, துடுப்பை ஒடுக்கிக்கொண்டு மூலையில் நிற்பது, மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவது ஆகிய மூன்றும் ஒட்டுண்ணிக்கும் உண்டு, கெட்ட தண்ணீருக்கும் உண்டு. பிரித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. தண்ணீரில் குறை என்றால் தொட்டியில் இருக்கும் எல்லா மீனும் ஒரே நேரத்தில் பாதிக்கப்படும். பெரும்பாலும் தண்ணீர் மாற்றிய அன்றைக்கே அது தெரியும். ஒட்டுண்ணி என்றால் ஒன்றிரண்டு மீனில் தொடங்கி நாளாக நாளாகக் கூடும். பாதித் தண்ணீரை மாற்றிய சில மணி நேரத்தில் மீன் தெளிந்துவிட்டால் அது நோயே இல்லை, அம்மோனியா. நம் பகுதி போர் தண்ணீர் பெரும்பாலும் காரத்தன்மை உள்ளது. பி.எச். 8-ஐ நெருங்க நெருங்க அதே அளவு அம்மோனியா பல மடங்கு விஷமாகும். சொட்டு மருந்து விட்டு நிறம் பார்க்கும் அம்மோனியா டெஸ்ட் கிட் ஒன்று வீட்டில் இல்லாமல் தங்கமீன் வளர்ப்பது வீண் வேலை.

லாரியில் வரும் மெட்ரோ தண்ணீரில் குளோரின் தூக்கலாக இருக்கும் நாட்கள் உண்டு. குளோரின் செவுளைச் சுடும். சுட்ட செவுளோடு மேலே தொங்கும் மீனைப் பார்த்துவிட்டு, செவுள் புழு என்று மருந்து போட்டால் மிச்சமும் போகும். குளோரினை முறிக்கக் கடையில் விற்கும் ஹைப்போ (சோடியம் தயோசல்பேட்) கற்களை 10 கிராம் எடுத்து 100 மி.லி. தண்ணீரில் கரைத்து வைத்துக்கொண்டு, 10 லிட்டர் புதுத் தண்ணீருக்கு 1 மி.லி. விட்டால் போதும். குளோரின் நெடி மூக்கில் ஏறினால் 2 மி.லி.

அடுத்தது கொள்ளளவு. இரண்டடித் தொட்டி என்றால் 60 × 30 × 30 செ.மீ. பெருக்கி 1000-ஆல் வகுத்தால் 54 லிட்டர். ஆனால் தண்ணீர் விளிம்பு வரை நிற்பதில்லை, அடியில் கல் வேறு கிடக்கிறது. நிகரமாக 45 லிட்டர்தான் தேறும். இந்த 9 லிட்டர் வித்தியாசம் உப்புக்குப் பெரிதல்ல, ஃபார்மலின் போன்ற கடுமையான மருந்துக்குப் பெரிது. கீழே வரும் அளவுகள் எல்லாம் இந்த 45 லிட்டர்த் தொட்டியை வைத்தே சொல்லப்படுகின்றன.

வெள்ளைப் புள்ளி

உடம்பிலும் வாலிலும் ரவை தூவினாற்போல வெள்ளைப் புள்ளிகள் வந்தால் அது இக் என்கிற வெள்ளைப் புள்ளி நோய். புள்ளி 1 மி.மீ.க்குள் இருக்கும், கொஞ்சம் மேடாகத் தெரியும், ஒழுங்கில்லாமல் சிதறிக் கிடக்கும். பிளாக் மூர் என்கிற கருப்புத் தங்கமீனில் தூரத்திலிருந்தே தெரியும். வெள்ளை, ஆரஞ்சு மீன்களில் தெரியாது. விளக்கை அணைத்துவிட்டு, பக்கவாட்டிலிருந்து டார்ச் அடித்து வால் துடுப்பைப் பாருங்கள்.

குளிர் மாதங்களில் ஒரு குழப்பம் வரும். ஆண் தங்கமீனுக்கு இனப்பெருக்கக் காலத்தில் செவுள் மூடியிலும், மார்புத் துடுப்பின் முன்முள்ளிலும் வெள்ளைப் பருக்கள் முளைக்கும். அவை இரண்டு பக்கமும் சமமாக, துடுப்பு முள்ளில் வரிசையாக இருக்கும். மீன் நன்றாகச் சாப்பிடும், இன்னொன்றைத் துரத்தும். இதற்கு மருந்து கொட்டிக் கெட்ட தொட்டிகள் ஏராளம். ஒராண்டா என்கிற தங்கமீன் வகையின் தலைச்சதை வளரும்போது அதில் தெரியும் வெண்மையும் இதே ரகம்தான்.

இக் ஏன் மார்கழியில் வருகிறது, சித்திரையில் அவ்வளவாக வருவதில்லை? கத்திரி வெயிலில் நம் வீட்டுத் தொட்டித் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டிக் கிடக்கும். அந்தச் சூட்டில் இக் பெருகத் திணறுகிறது. மழையும் பனியும் தொடங்கி இரவில் தண்ணீர் 24, 25-க்கு இறங்கும்போது அதற்குக் கொண்டாட்டம். மொட்டைமாடியில் வைத்த சின்ன டப்பில் பகலுக்கும் இரவுக்கும் சூடு ஏறி இறங்குவதால் மீனும் சோர்ந்துபோகிறது. இரண்டும் சேர்ந்துகொள்கின்றன.

கண்ணுக்குத் தெரியும் புள்ளியை எந்த மருந்தும் கொல்லாது. அது மீனின் தோலுக்கு அடியில் இருக்கிறது. அங்கே தின்று கொழுத்தபின் தானாக உதிர்ந்து, அடிக்கல்லில் ஒட்டி, கூடு கட்டி, உள்ளே நூற்றுக்கணக்கில் பிளக்கிறது. 25 டிகிரியில் ஒரு நாளுக்குள் அவை வெடித்து நீந்தத் தொடங்கும். இரண்டு நாளுக்குள் மீன் கிடைக்காவிட்டால் செத்துவிடும். உப்போ மருந்தோ கொல்வது நீந்தும் இந்தக் குஞ்சுகளை மட்டும்தான். ஆகவே மூன்றாம் நாள் புள்ளி உதிர்ந்து மீன் பளபளப்பாகத் தெரிந்தால் அது குணமல்ல, அடுத்த சுற்றின் தொடக்கம். பலர் மருந்தை நிறுத்துவது சரியாக அன்றைக்குத்தான்.

தங்கமீனுக்கு முதல் மருந்து கல் உப்பு. லிட்டருக்கு 3 கிராம், அதாவது 45 லிட்டருக்கு 135 கிராம். ஒரே தடவையில் போட வேண்டாம். 45 கிராமாக மூன்று பங்கு, 12 மணி நேர இடைவெளி. ஒவ்வொரு பங்கையும் ஒரு சொம்பு தொட்டித் தண்ணீரில் முழுக்கக் கரைத்து, ஃபில்டர் தண்ணீர் விழும் இடத்தில் ஊற்றுங்கள். கரையாத கல் மீன்மேல் பட்டால் சுடும். அளவு சரியா என்று பார்க்க, தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் உதவும். லிட்டருக்கு 1 கிராம் உப்பு சேர்ந்தால் காட்டும் எண் ஏறக்குறைய 1000 கூடும். திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் போர் தண்ணீரே உவர்ப்பு. ஏற்கெனவே 2000 காட்டும் தண்ணீரில் 2 கிராமோடு நிறுத்திவிட்டு இரண்டு நாள் பார்க்கலாம்.

உப்பு ஆவியாகாது. வற்றிய தண்ணீருக்கு வெறும் தண்ணீர்தான் விட வேண்டும். எடுத்து மாற்றிய தண்ணீருக்கு மட்டும் கணக்குப் பார்த்து உப்பு சேர்க்க வேண்டும். செடிகளை முதலில் எடுத்துவிடுங்கள். ஃபில்டருக்குள் ஜியோலைட் கல் இருந்தால் அதையும் கட்டாயம் எடுங்கள். அது பிடித்து வைத்திருக்கும் அம்மோனியாவை உப்புத் தண்ணீரில் திருப்பிக் கக்கிவிடும். உப்பு போட்ட மறுநாள் மீன் துவண்டு, "உப்பு ஒத்துக்கலை" என்று சொல்லப்படும் பல தொட்டிகளில் உண்மையில் நடப்பது இதுதான்.

ஹீட்டர் வைத்து நாளுக்கு 1, 2 டிகிரியாக 29, 30-க்கு ஏற்றினால் இக்கின் சுற்று வேகமாக ஓடும். சீக்கிரம் மருந்துக்கு எதிரே வந்து நிற்கும். கூடவே ஏர் பம்ப்பில் இரண்டாவது காற்றுக்கல்லும் ஓட வேண்டும், ஏனென்றால் சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு. சூட்டை மட்டும் நம்பக் கூடாது, தாங்கும் வகைகளும் உண்டு. தினமும் அடிக்கல்லைச் சைபன் குழாயால் உறிஞ்சி எடுத்தால் கூடுகளில் பெரும்பகுதி சாக்கடைக்குப் போய்விடும். கல்லே இல்லாத தொட்டியில் இது பாதி வைத்தியம். கடைசிப் புள்ளி மறைந்தபிறகும் ஒரு வாரம் உப்பு இருக்கட்டும்.

உப்பில் அடங்காமல் நான்கு நாளில் புள்ளி கூடினால் ஃபார்மலின். 37 சதவீத ஃபார்மலின் 40 லிட்டருக்கு 1 மி.லி., ஒருநாள் விட்டு ஒருநாள், மூன்று முறை, நடுவில் பாதித் தண்ணீர் மாற்றம். தண்ணீர் 28 டிகிரிக்கு மேல் என்றால் அரை மி.லி.யில் தொடங்குங்கள். அது தண்ணீரின் ஆக்சிஜனைக் குடித்துவிடும். பவர்கட் ஆகி ஏர் பம்ப் நின்றால் மீன் ஒரு மணி நேரம்கூடத் தாங்காமல் போகலாம், அதனால் இரவில் ஊற்றவே கூடாது. புட்டியின் அடியில் வெள்ளையாகப் படிந்திருந்தால் அந்தப் புட்டி குப்பைக்கு. அந்தப் படிவு மீனுக்கு இன்னும் கொடிய விஷம். கையுறை போடுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள், சமையலறையில் அளக்காதீர்கள். மாலகைட் க்ரீன் கலந்த மருந்துகளுக்கும் இதே எச்சரிக்கை.

கண்ணுக்குத் தெரியாதவை

புள்ளி இல்லை, தண்ணீரும் சுத்தம், ஆனாலும் உரசுகிறது. ஒரு செவுள் மூடியை ஒட்டி மூடிக்கொண்டு மறுபக்கத்தால் மட்டும் மூச்சு விடுகிறது. அடிக்கடி கொட்டாவி விடுகிறது. இப்படி என்றால் செவுள் புழு என்று சந்தேகப்படலாம். உடம்பில் சாம்பல் நிறத்தில் கொழகொழவென்று படலம் என்றால் தோல் புழுவோ, டிரைகோடினா, கோஸ்டியா, கைலோடோனெல்லா போன்ற நுண்ணுயிர்களோ இருக்கலாம். கண்ணால் பார்த்து எது என்று யாராலும் சொல்ல முடியாது. சொல்பவரை நம்ப வேண்டாம்.

பள்ளி மாணவர்கள் பயன்படுத்தும் சாதாரண மைக்ரோஸ்கோப் போதும். பாரிமுனைப் பக்கம் ஆய்வகச் சாமான் விற்கும் கடைகளில் ஸ்லைடும் கவர் ஸ்லிப்பும் கிடைக்கும். ஸ்லைடில் ஒரு சொட்டுத் தொட்டித் தண்ணீர் வையுங்கள். குழாய்த் தண்ணீர் வைத்தால் குளோரின் பட்டு, பார்க்க வேண்டியதே செத்துவிடும். நனைத்த கையால் மீனைப் பிடித்து, மார்புத் துடுப்புக்குப் பின்னால், தலையிலிருந்து வால் பக்கமாக, கவர் ஸ்லிப்பின் ஓரத்தைச் சாய்த்து ஒரே ஒரு இழுப்பு. செதிலுக்கு எதிர்த்திசையில் இழுத்தால் செதில் பெயரும். அரை நிமிடத்துக்குள் மீன் தண்ணீருக்குத் திரும்பிவிட வேண்டும். கோழையை அந்தச் சொட்டில் வைத்து மூடி, பத்து நிமிடத்துக்குள் பார்த்துவிடுங்கள்.

100 மடங்கில், நீண்டு சுருங்கி நெளியும் புழு, ஒரு முனையில் கொக்கிகள், தலையில் நான்கு கருப்புக் கண்புள்ளி என்றால் அது முட்டையிடும் செவுள் புழு. கண்புள்ளி இல்லாமல், வயிற்றுக்குள் இன்னொரு குட்டியின் கொக்கிகளும் தெரிந்தால் அது குட்டி போடும் தோல் புழு. வட்டமாக, உள்ளே பல்சக்கரம் தெரிய, சுழன்றுகொண்டே ஓடினால் டிரைகோடினா. குதிரை லாட வடிவக் கருவோடு மெதுவாக உருண்டால் இக். கோஸ்டியா மிகச் சிறியது. 400 மடங்கில் சிமிட்டுவதுபோல் துள்ளும். அது 30 டிகிரிக்கு மேல் தாங்காது என்பதால் நம்மூர்க் கோடையில் அபூர்வம்.

மீன் செத்துவிட்டால் செவுளைப் பார்க்க அரை மணி நேரம்தான் அவகாசம். செத்த உடம்பிலிருந்து ஒட்டுண்ணி வெளியேறிவிடும். இரவே செத்த மீனைக் காலையில் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்று முடிவு செய்வதில் பயனில்லை.

இரண்டு வகைப் புழுவுக்கும் பிராசிகுவான்டெல் மருந்து. லிட்டருக்கு 2.5 மி.கி., நம் தொட்டிக்கு 112 மி.கி. மனிதர்களுக்கான 600 மி.கி. மாத்திரையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் குறைவு. கால்நடை மருத்துவரின் சீட்டோடு வாங்குங்கள். நாய்க்கான பூச்சி மாத்திரைகளில் வேறு மருந்துகளும் கலந்திருக்கும், அதை உடைத்துப் போடாதீர்கள். இது தண்ணீரில் எளிதில் கரையாது. அம்மியில் இழைத்த பதத்துக்குப் பொடித்து, ஒரு சின்ன புட்டியில் தண்ணீரோடு ஐந்து நிமிடம் குலுக்கி ஊற்ற வேண்டும். ஃபில்டரில் கரி இருந்தால் எடுத்துவிடுங்கள், மருந்தை அது உறிஞ்சிவிடும். மறுநாள் தண்ணீர் லேசாகக் கலங்கலாம், காற்று கூடுதலாக ஓடட்டும்.

குட்டி போடும் வகைக்கு ஒரு சுற்றிலேயே பெரும்பாலும் அடங்கும். முட்டையிடும் வகையின் முட்டையை மருந்து தொடாது. நம் சூட்டில் சில நாளில் முட்டை பொரித்து, குஞ்சு செவுளுக்குப் போய், மறுபடி முட்டையிட ஆயத்தமாகிவிடும். ஆகவே 5 அல்லது 6 நாளுக்கு ஒருமுறை, பாதித் தண்ணீர் மாற்றிவிட்டு, மூன்று முறை போடுங்கள். இரண்டாவது முறையோடு நிறுத்தினால் ஒரு மாதத்தில் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

டிரைகோடினாவுக்கு லிட்டருக்கு 3 கிராம் உப்பு எல்லா நேரமும் போதும் என்று சொல்ல முடியாது. தனி வாளியில் 10 லிட்டருக்கு 200 கிராம் உப்பு கரைத்து, அதிகபட்சம் 5 நிமிடம் மீனை விடலாம். மீன் சாய்ந்தால் அந்த விநாடியே எடுத்துவிட வேண்டும். அருகில் நின்று பார்க்காமல் செய்யக் கூடாத வேலை. அல்லது பொட்டாசியம் பெர்மாங்கனேட், லிட்டருக்கு 2 மி.கி. ஒரு கிராமை 100 மி.லி.யில் கரைத்து, அதில் 9 மி.லி. 45 லிட்டருக்குச் சரி. தொட்டியில் வேண்டாம், தனி டப்பில் வைத்து 4 மணி நேரம். தொட்டியில் ஊற்றினால் ஃபில்டரில் வளர்ந்த நல்ல பாக்டீரியாவும் போய், அடுத்த வாரம் அம்மோனியாவோடு மல்லுக்கட்ட வேண்டிவரும். ஃபார்மலினோடு இதைச் சேர்க்கவே கூடாது.

நங்கூரப் புழுவும் மீன் பேனும்

இவை இரண்டும் கண்ணுக்குத் தெரிபவை. உடம்பிலிருந்து ஒரு நூல் துண்டு நீட்டிக்கொண்டு, அடியில் சிவந்து, நுனியில் இரண்டு சின்னப் பை தொங்கினால் நங்கூரப் புழு. பேர்தான் புழு, உண்மையில் இறால், நண்டு சேர்ந்த ஓட்டுடலிக் கூட்டத்தைச் சேர்ந்தது. தலை நங்கூரம்போல் சதைக்குள் மாட்டியிருக்கும். ஈரத்துணியில் மீனைப் போர்த்திப் பிடித்து, நுனி மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டியே கவ்வி, வால் பக்கமாக மெதுவாக இழுங்கள். நடுவில் பிடித்து வெடுக்கென்று இழுத்தால் அறுந்து, தலை உள்ளேயே தங்கிச் சீழ் பிடிக்கும். எடுத்த இடத்தில் பஞ்சு நுனியால் போவிடோன் அயோடின் தொட்டுவிடுங்கள். கண்ணிலும் செவுளிலும் படக் கூடாது.

பிடுங்கியதோடு வேலை முடிவதில்லை. தண்ணீரில் அதன் குஞ்சுகள் நீந்திக்கொண்டிருக்கும். 25 முதல் 30 டிகிரியில் ஒரு தலைமுறைக்கு மூன்று வாரம் அளவுக்கு ஆகும். குஞ்சு சட்டை உரித்து வளர்வதைத் தடுப்பது டைஃப்ளுபென்சூரான். 25 சதவீதப் பொடி 1 கிராமை 1 லிட்டர் தண்ணீரில் கலக்கி, நன்றாகக் குலுக்கியவுடன் அதிலிருந்து 11 மி.லி. நம் தொட்டிக்கு. வாரம் ஒருமுறை, நான்கு வாரம். ஒட்டியிருக்கும் பெரிய புழுவை இது கொல்லாது, இடுக்கிதான். இறாலும் நத்தையும் உள்ள தொட்டியில் போடாதீர்கள். அந்தத் தண்ணீரை மழைநீர் வடிகாலில் ஊற்றாதீர்கள். அது ஓடையில் போய் அங்கிருக்கும் சின்ன உயிர்களைக் கொல்லும். கழிவறையில் ஊற்றுங்கள். மாடுகளுக்குப் போடும் ஐவர்மெக்டின் பற்றி யாராவது சொன்னால் கேட்காதீர்கள். தங்கமீனுக்கு மருந்து அளவுக்கும் விஷ அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு.

மீன் பேன் தட்டையாக, வட்டமாக, 5 மி.மீ.க்கு மேல் இருக்கும். கண்ணாடிபோல் நிறமற்றது. மீன்மேல் ஊர்ந்து இடம் மாறுவதை வைத்துக் கண்டுபிடிக்கலாம். அது மீனை விட்டு இறங்கி, தொட்டிக் கண்ணாடியில் வரிசை வரிசையாக முட்டை ஒட்டும். பழைய பிளாஸ்டிக் அட்டையால் சுரண்டி எடுங்கள். முட்டை இரண்டு வாரத்தில் பொரிக்கும் என்பதால் அந்தக் காலம் முழுவதும் மேலே சொன்ன அதே மருந்து.

வயிற்றுக்குள் இருப்பவை பற்றிச் சுருக்கமாக. வெள்ளை நூல்போல் மலம் போனால் உடனே புழு என்று பொருளல்ல, பட்டினி கிடந்த மீனுக்கும் அப்படித்தான் போகும். மெலிந்துகொண்டே வந்து, சாப்பாட்டைத் துப்பினால் மட்டும் மெட்ரோனிடசோல். 10 கிராம் தீனிக்கு 100 மி.கி., ஐந்து நாள். தண்ணீரில் போடுவதைவிடத் தீனியில் கலப்பதே பலன் தரும். வயிறு ஒரு பக்கம் மட்டும் கோணலாக வீங்கினால் அது சிறுநீரகத்தில் தங்கும் ஒட்டுண்ணியாக இருக்கலாம். அதற்கு மருந்து கிடையாது, மருந்து விற்கிறேன் என்பவரிடம் காசைக் கொடுக்காதீர்கள்.

வீட்டுக்குள் வரும் வழி

புது மீன், குளத்துச் செடி, உயிர்த்தீனி ஆகிய மூன்று வழியில்தான் இத்தனையும் வருகின்றன. ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் வாங்கிய மீன், கடையில் பார்க்கும்போது சுத்தமாகத்தான் இருக்கும். 40 லிட்டர் பிளாஸ்டிக் டப், ஒரு ஸ்பான்ஜ் ஃபில்டர், மூடி, புது மீனைத் தனியே வைத்துக் கவனிக்க இவ்வளவுதான் தனி அறை. ஸ்பான்ஜைப் பெரிய தொட்டிக்குள் இரண்டு மூன்று வாரம் முன்பே போட்டு வைத்தால் பாக்டீரியா ஏறியிருக்கும். அந்த டப்பில் மூன்று வாரம். முதல் நாளிலிருந்தே லிட்டருக்கு 3 கிராம் உப்பு, முதல் வாரத்துக்குள் ஒரு தடவை கோழை எடுத்துப் பார்த்துவிடுவது. கவரில் வந்த தண்ணீரைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். சாக்கடைக் கரையிலிருந்து அள்ளிவரும் டியூபிஃபெக்ஸ் புழுவுக்குப் பதில் உறைய வைத்ததோ உலர்ந்ததோ கொடுக்கலாம். செடியை வேறு டப்பில் மீனில்லாமல் மூன்று வாரம் வைத்தால், வந்த பேன் குஞ்சுக்கு ஏற மீன் கிடைக்காமல் சாகும்.

தனி டப்பின் வலையைப் பெரிய தொட்டியில் விடக் கூடாது. ஒரே வலைதான் இருக்கிறது என்றால், அதைக் கழுவி மொட்டைமாடி வெயிலில் முழுக்கக் காயவிட்டு எடுங்கள். இக்கின் குஞ்சுக்கும் கூட்டுக்கும் ஈரம் போனால் உயிர் போகும். கையையும் சைபன் குழாயையும் மறந்துவிட வேண்டாம். தினமும் தீனி போடும்போது பெரிய தொட்டியை முதலில், தனி டப்பைக் கடைசியில் பார்ப்பதென்று வைத்துக்கொள்ளுங்கள்.